தருமபுரி வெயிலில் நாட்டுச் செடித் தோட்டம்: பட்டாம்பூச்சியும் குருவியும் வந்து தங்க என்ன வைக்கலாம்?

நெல்லிமரத்தான் எழுதியது:

வணக்கம். தருமபுரியில் பென்னாகரம் ரோடு பக்கம் வீடு. பின்பக்கம் 2 சென்ட் காலி, 30க்கு 29 அடி. செம்மண்தான், ஆனால் ஒன்றரை அடிக்குக் கீழே சுக்கான், அதாவது கெட்டியான சுண்ணாம்புக்கல் படிவு, தட்டுகிறது. போர்த் தண்ணீர் உப்பு, பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறது. ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறது, அது குடிக்கவும் சமைக்கவும் சரியாகிவிடும். மேற்குப் பக்கம் மறைப்பே இல்லை, மதியத்துக்கு மேல் சுட்டெரிக்கும்.

நர்சரியில் கேட்டதற்கு டெகோமா, கலர் கலராக ஹைப்ரிட் உண்ணிச்செடி, சிங்கப்பூர் செர்ரி, நடுவில் புல்தரை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பட்டாம்பூச்சி, தேன்சிட்டு, சிட்டுக்குருவி எல்லாம் வந்துபோனால் மட்டும் போதாது, தங்க வேண்டும். என்ன வைப்பது, எப்போது வைப்பது? வீட்டில் பாம்பு பயம் வேறு. அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கருங்காலி எழுதியது:

அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள் நண்பரே. உண்ணிச்செடி மேலகிரிக் காட்டை எப்படி அடைத்துக் கிடக்கிறது என்று அஞ்செட்டி போகும் வழியிலேயே தெரியும். ஹைப்ரிட் என்றாலும் மகரந்தம் காட்டுச் செடியோடு கலக்கும், பழம் பிடித்தால் கொண்டைக்குருவி தின்று ஊரெல்லாம் விதைக்கும். புல்தரை இந்த ஊருக்கு வேலையற்ற வேலை. தினம் தண்ணீர் கேட்கும், ஒரு பூச்சிக்கும் உதவாது.

செடிப் பெயர்களுக்கு முன்னால் குழி. உங்கள் இடத்தில் செடி செத்தால் பாதிக்கு மேல் அந்தச் சுக்கான் தட்டுதான் காரணமாக இருக்கும். மரத்துக்கு 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம். சித்திரையில் வெட்டி வெயில் காய விடுங்கள். அடியில் தட்டுகிற சுக்கானைக் கடப்பாரையால் இன்னும் ஓர் அடிக்கு உடைத்துவிட வேண்டும். உடைக்காமல் நட்டால் ஐப்பசி மழையில் குழி தொட்டி மாதிரி நீரைப் பிடித்து வைக்கும், வேர் அழுகும். சோதிப்பது எளிது: சாயங்காலம் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். காலையில் அடியில் நீர் நின்றால் உடைத்தது போதவில்லை.

நிரப்ப மேல்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, குழிக்குக் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு. பச்சைச் சாணம் போட்டால் செம்மண்ணில் கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி. கன்று ஒன்றரை அடி உயரம் போதும். ஆறடிக் கன்று பார்க்க அழகாக இருக்கும், பைக்குள் வேர் சுருண்டு கிடக்கும், மூன்றாம் வருடம் காற்றில் சாயும்.

நம் மாவட்டத்துக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 850 மி.மீ. இரண்டு பருவமழையும் கொஞ்சம் கொஞ்சம் தருகிறது, அதிகம் பெய்வது செப்டம்பர், அக்டோபரில். அதனால் விதைப்பது ஆடியில், கன்று நடுவது ஆவணிக் கடைசி முதல் புரட்டாசிக்குள். கார்த்திகைக்கு மேல் நட்டால் வேர் இறங்குவதற்குள் வெயில் வந்துவிடும்.

தண்ணீர்: முதல் வருடம் மழையில்லாத வாரத்துக்கு ஒரே முறை, மரக்கன்றுக்கு 15 முதல் 20 லிட்டர், மெதுவாக. இரண்டாம் வருடம் மாசி முதல் வைகாசி வரை மட்டும் 15 நாளுக்கு ஒரு தடவை. அப்புறம் விட்டுவிடுங்கள். தினம் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலாகவே சுற்றிக்கொண்டிருக்கும், ஊற்றாத வாரம் செடி போய்விடும். உப்புத் தண்ணீரை இலைமேல் தெளிக்கவே கூடாது, நுனி கருகும். அடிக்கடி கொஞ்சமாக விட்டால் உப்பு மேலேயே தங்கி வெள்ளைப் பொருக்காகும். நிறைய விட்டு இடைவெளி கொடுத்தால் கீழே இறங்கிவிடும். நாற்றுப் பைகளுக்கு மட்டும் மழைநீர் அல்லது குழாய்த் தண்ணீர். 1000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 900 லிட்டர் கிடைக்கும், ஒரு டிரம்மையாவது குழாய்க்கு அடியில் வையுங்கள். வாயை வலையால் கட்டிவிட்டால் கொசு வராது.

இன்னொன்று. பங்குனி, சித்திரையில் தோட்டம் மொட்டையாக நிற்கும். வெட்பாலை, அழிஞ்சில் எல்லாம் இலை கொட்டும். செத்துவிட்டது என்று பயந்து தண்ணீரை ஊற்றித் தள்ளாதீர்கள். சந்தேகம் இருந்தால் கிளையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

வரியன் எழுதியது:

கருங்காலி அண்ணா மண்ணைப் பார்த்துக்கொண்டார், நான் பட்டாம்பூச்சிக்கு வருகிறேன்.

நர்சரிக்காரர்கள் எல்லோரும் பூவைப் பார்த்துப் பட்டியல் போடுகிறார்கள். பூவுக்கு வருகிற பட்டாம்பூச்சி குடித்துவிட்டுப் போய்விடும். நீங்கள் கேட்டது தங்குவது. அதற்குப் புழு தின்கிற இலை இருக்க வேண்டும். ஒவ்வொரு வகையும் தனக்கென்று சில செடிகளில்தான் முட்டையிடும், அந்தச் செடி இல்லையென்றால் எவ்வளவு பூ இருந்தும் பயனில்லை.

உங்கள் மண்ணுக்குத் தோதானவற்றை மட்டும் சொல்கிறேன். எருக்கில் வெந்தய வரியன் முட்டையிடும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட புழு, முதுகில் மூன்று ஜோடி மெல்லிய கொம்பு. அதே இனம் வேலிப்பருத்தியிலும் வளரும். நன்னாரி, அரளி, ஆல், அத்தி இவற்றில் காமன் க்ரோ. அதன் கூட்டுப்புழு இலைக்கடியில் வெள்ளிப் பூச்சு போட்ட மாதிரி பளபளவென்று தொங்கும். ஆவாரையிலும் கொன்றையிலும் எமிகிரன்ட் வகைகள். கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வத்தில் எலுமிச்சை அழகி. முதலில் பறவை எச்சம் மாதிரி தெரியும், பெரிதானதும் பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். கடிக்காது, அரிக்காது.

ஈஸ்வரமூலிக் கொடி இருந்தால் கிரிம்சன் ரோஸ், காமன் ரோஸ் இரண்டும் வரும். கருஞ்சிவப்புப் புழு, உடல் முழுக்கச் சதைப்பற்றான சிவப்பு முட்கள். நர்சரியில் இதே குடும்பத்து வெளிநாட்டுக் கொடியைப் பெரிய புள்ளிப் பூவுக்காக விற்பார்கள், அதை வாங்காதீர்கள். பட்டாம்பூச்சி ஏமாந்து முட்டையிடும், பொரிந்த புழு அந்த இலையின் நஞ்சில் சாகும். ஈஸ்வரமூலியை மருந்தென்று யாரும் அரைத்துக் குடிக்கவும் வேண்டாம். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது நிரூபிக்கப்பட்டது.

நம் ஊருக்கென்றே உள்ள சொத்து முள்ளும் புதருமாக நிற்கிற வறண்ட நிலச் செடிகள்தான். விழுதிச் செடி ஒன்று வேலியோரம் இருந்தால் பயனீர், கிரிம்சன் டிப் வரும். சங்கஞ்செடியில் ஸ்மால் சால்மன் அராப். பசுமையான மலையோரத் தோட்டத்தில் இவற்றைப் பார்ப்பது கஷ்டம், தருமபுரி மாதிரி காய்ந்த மண்ணில்தான் பறக்கும். யாரும் விற்க மாட்டார்கள், விதை எடுத்துத்தான் வளர்க்க வேண்டும்.

ஒரு செடி மட்டும் வைத்தால் ஒரே தலைமுறையில் மொட்டையடித்துவிடும். ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று. இலை போனால் கவலை வேண்டாம், எருக்கும் ஆவாரையும் இரண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும்.

பூவென்றால் தும்பை. விதைக்காமலே மழைக்கு முளைக்கும், பிடுங்காமல் இருந்தாலே போதும். கொஞ்சம் ஈரம் தங்குகிற இடத்தில், குளியலறைத் தண்ணீர் போகிற பக்கம், பொடுதலையைப் படரவிடுங்கள். புல்தரைக்கு ஆசைப்பட்டவர்களுக்கு அதுதான் சரியான மாற்று. மிதிக்கலாம், சின்னப் பூவில் நீலன்கள் என்கிற குட்டிப் பட்டாம்பூச்சிகள் மொய்க்கும்.

தும்பைப்பூ எழுதியது:

மேலே சொன்ன புழுக்கள்தான் குருவிக்கும் சோறு, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிட்டுக்குருவி பெரிதானால் தானியம் தின்னும், குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். கம்பும் தினையும் தட்டில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு மருந்தடித்தால் கூட்டில் குஞ்சு தேறாது.

கூட்டுப்பெட்டிக்கு: உள்ளளவு 15க்கு 15 செ.மீ., உயரம் 22 செ.மீ. போல. ஓட்டை 32 மி.மீ., பெட்டியின் அடிப்பலகையிலிருந்து 15 செ.மீ. மேலே. இதற்குப் பெரிதாக வைத்தால் மைனா பிடித்துக்கொள்ளும். ஓட்டைக்கு முன்னால் உட்காரக் குச்சி வைக்காதீர்கள், அது காக்கைக்குத்தான் வசதி. பலகை அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தகரமோ அட்டைப்பெட்டியோ வேண்டவே வேண்டாம், சித்திரை வெயிலில் தகரத்துக்குள் குஞ்சு வெந்துவிடும். மேலே இரண்டு சிறு காற்றோட்டத் துளை, அடியில் நீர் வடிய நாலு துளை. வடக்கு அல்லது கிழக்குச் சுவரில், தாழ்வாரத்துக்கு அடியில், 8 முதல் 10 அடி உயரத்தில். உங்கள் மேற்குச் சுவரில் மாட்டினால் எந்தக் குருவியும் எட்டிப் பார்க்காது.

தண்ணீர்ச் சட்டி அகலமான மண்சட்டி, ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. நடுவில் ஒரு கரடுமுரடான கல். தினம் மாற்றுங்கள். முடியாவிட்டால் இரண்டு நாளுக்கு ஒரு முறை கட்டாயம், இந்தச் சூட்டில் கொசுமுட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். போர்த் தண்ணீர் ஊற்றினால் வெள்ளை படியும், தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். புதரிலிருந்து ஆறடியாவது தள்ளி வையுங்கள். பக்கத்துவீட்டுப் பூனை புதருக்குள் பதுங்கியிருந்து குளிக்கிற குருவியைத்தான் முதலில் அடிக்கும். பக்கத்தில் தாழ்வான கிளை ஒன்று இருந்தால் குருவி அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கும்.

தேன்சிட்டு கூட்டைச் சிலந்தி நூலால் பின்னும். வாரா வாரம் ஒட்டடை அடிக்கிற வீட்டில் வெளிப்புறத்தையாவது விட்டுவிடுங்கள்.

குளம் வெட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2 சென்ட்டில் வேண்டாம் என்பது என் கருத்து. கொசுவுக்குப் பயந்து கம்பூசியா மீன் விடுவார்கள், அது தலைப்பிரட்டையையும் தட்டானின் குஞ்சையும் சேர்த்துத் தின்றுவிடும். கொசு தின்கிறவர்களை நாமே கொன்ற கதையாகிவிடும்.

சாரை எழுதியது:

பாம்பு விஷயம். செடி வைத்ததால் பாம்பு வருவதில்லை. எலி, ஒளிய இடம் இரண்டும் கிடைத்தால் வரும். கோழித்தீவனம், நெல் மூட்டை, பின்கட்டில் அடுக்கிய பழைய செங்கல், ஓடு இவற்றை முதலில் அகற்றுங்கள். வீட்டுச் சுவரைச் சுற்றி 3 அடிக்குச் செடியே இல்லாமல் ஜல்லி பரப்புங்கள். கொடியை ஜன்னலில் ஏற்றாதீர்கள். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை அடியுங்கள். கட்டுவிரியன் இரவில் உள்ளே வருவது அந்த வழியாகத்தான். தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுப்பது நல்ல காப்பு.

கற்குவியல் வேண்டும் என்று யாராவது சொல்வார்கள், ஓணானுக்கும் தேரைக்கும் அது நல்லதுதான். வாசலிலிருந்து 15 அடி தள்ளி, தோட்டக் கடைசியில், இரண்டடி உயரத்துக்கு மேல் போகாமல். அதைக் கையால் கிளறவே கூடாது.

சாரைப்பாம்பு எலி தின்கிறது, விஷம் கிடையாது. அரணை கடித்தால் மரணம் என்பதும் வெறும் பேச்சு, அரணைக்கு விஷமே இல்லை. பார்த்து ஒதுங்க வேண்டியது நாலு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற விஷமுறிவு மருந்து இந்த நாலுக்கும் பொதுவானது. கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் கட்டை வைத்துக் கட்டி, 108ஐக் கூப்பிட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரி. பாம்பு வீட்டுக்குள் புகுந்தால் தீயணைப்பு நிலையத்தையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள், அடிக்கப் போகிறபோதுதான் நிறையப் பேர் கடிபடுகிறார்கள்.

மாந்தோப்பு எழுதியது:

போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பட்டாம்பூச்சிக்காரர்கள் புல்லுருவியை வெட்டாதே என்று சொல்வதைப் பார்த்தேன். அது காமன் ஜெசபெல் பட்டாம்பூச்சியின் புழு தின்கிற இலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாமரக்காரனுக்கு அது கிளையைத் தின்கிற ஒட்டுண்ணி. பழத்தைத் தின்ற பூக்கொத்திக் குருவி பசையோடு விதையைப் பக்கத்துக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும், அங்கே அடுத்தது முளைக்கும். கிருஷ்ணகிரியில் வேலிக்கு வேலி மாந்தோப்பு. வீட்டில் ஒரு புதர் விட்டால் அக்கம்பக்கத்து மரத்துக்கெல்லாம் போகும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வரியன் எழுதியது:

நியாயமான கேள்விங்க. 200 அடிக்குள் மாந்தோப்பு இருந்தால் விட வேண்டாம், வெட்டிவிடுங்கள். பழுப்பதற்கு முன்பே, ஒட்டின இடத்துக்கு ஓர் அடி கீழே கிளையோடு வெட்ட வேண்டும். மேலே ஒட்டியிருப்பதை மட்டும் ஒடித்தால் உள்ளே இருக்கிற வேரிலிருந்து மறுபடி வரும். வெட்டும் முன் இலையை ஒரு தடவை பாருங்கள். ஜெசபெல் புழு கூட்டமாக இருக்கும், இருந்தால் இரண்டு வாரம் கழித்து வெட்டுங்கள், கூட்டுப்புழுவாகிவிடும். ஊருக்குள், சுற்றிலும் வேம்பும் புங்கனும் மட்டும் இருக்கிற தெருவில், வேம்பில் ஒரே ஒரு புதரை விட்டுவைத்துப் பழத்தை மட்டும் கிள்ளிவிடலாம். பூ இருக்கும்போது தேன்சிட்டு அதைவிட்டு நகராது.

மாந்தோப்பு எழுதியது:

புழு இருந்தால் இரண்டு வாரம் பொறுப்பது சரி, அதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ஓசூர்மாடி எழுதியது:

ஓசூர் 900 மீட்டர் உயரம், தருமபுரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இங்கே கார்த்திகை வரைகூட நடலாம், வெயில் அவ்வளவு சுடாது. மாடியில் வைக்கிறவர்களுக்கு: கறிவேப்பிலை, நன்னாரி, ஈஸ்வரமூலி, பருப்புக்கீரை நாலும் தொட்டியில் வரும். கொடிக்கு 18 அங்குலத் தொட்டி, அதற்குச் சின்னதில் வேர் வெந்துபோகும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை வெயிலில் நேராக வைக்காமல் சாக்கு சுற்றுங்கள்.

கூட்டமாக இல்லாமல் தனியாகக் கூடு வைக்கிற சின்னத் தேனீக்களுக்கு மூங்கில் துண்டு கட்டித் தொங்கவிடலாம். துளை 4 முதல் 8 மி.மீ. வரை கலந்து, நீளம் 5 அங்குலம், பின்பக்கம் கணு அடைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் திறந்த மூங்கிலில் அது முட்டையிடாது. கிழக்கே பார்த்து, மழை படாமல், ஆடாமல் கட்டுங்கள், காற்றில் ஊசலாடினால் வராது. ரோஜா இலையில் வட்டமாகக் கத்தரித்த ஓட்டை தெரிந்தால் நோயல்ல, இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்கு எடுத்துப்போனது.

கேள்வி ஒன்று: சிங்கப்பூர் செர்ரியை ஏன் எல்லோரும் திட்டுகிறீர்கள்? அதில் வருகிற அளவு பறவை எந்த நாட்டு மரத்திலும் வருவதில்லையே.

கருங்காலி எழுதியது:

வரும். வருடம் முழுக்கப் பழம் பிடிக்கிறது, கொண்டைக்குருவியும் குக்குறுவானும் அணிலும் வரும், மறுக்கவில்லை. ஆனால் இலையில் நம் ஊர்ப் பூச்சிக்கு ஒன்றுமில்லை, புழுவே இல்லாத மரம். 2 சென்ட்டில் இரண்டு மரத்துக்குத்தான் இடம். 15 அடி பரப்பில் குடை விரிக்கிற ஒரு மரம் கீழே எதையும் வளரவிடாது. ஏற்கெனவே நிற்கிற மரத்தை வெட்டச் சொல்ல மாட்டேன். புதிதாக வைக்கிற குழியில் அழிஞ்சில் வையுங்கள். மாசி, பங்குனியில் மொட்டைக் கிளையில் பூத்து, கோடையில் பழுக்கும், வேறெதுவும் இல்லாத நேரம் அது.

தும்பைப்பூ எழுதியது:

இதில் கருங்காலி அண்ணாவோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. அழிஞ்சில் காய்க்க வருடங்கள் ஆகும். நடுவில் குருவிக்கு என்ன செய்வது? களாவும் இலந்தையும் சீக்கிரம் காய்க்கும், வேலியாகவும் ஆகும், முள்ளுக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டும், பூனை ஏறாது. குழந்தைகள் ஓடுகிற பக்கம் மட்டும் வேண்டாம்.

நெல்லிமரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்படி யோசித்திருக்கிறேன், சரிபாருங்கள். மேற்கு ஓரத்தில் நடுவில் ஓர் ஆலமரம், நிழலுக்கும் பறவைக்கும். வடக்கு வேலியில் ஆவாரை, ஆடாதோடை. தெற்கில் களா. கல்யாண முருங்கை ஒன்று தேன்சிட்டுக்கு. ஈஸ்வரமூலி, வேலிப்பருத்தி வேலியில். பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் மட்டும் தெளிக்கலாம்தானே? ஆவாரை விதை மூன்று தடவை போட்டும் முளைக்கவில்லை.

கருங்காலி எழுதியது:

ஆலமரத்தை அடித்துவிடுங்கள்! வீட்டிலிருந்து 30 அடிக்குள் ஆல், அரசு, இச்சி எதுவும் கூடாது. சுவர், செப்டிக் டேங்க், பக்கத்துவீட்டு அஸ்திவாரம் எல்லாவற்றையும் வேர் தேடிப் போகும். மேற்குப் பக்கம் புங்கன் ஒன்று, அழிஞ்சில் ஒன்று, சுவரிலிருந்து 10 அடி, இரண்டுக்கும் இடையில் 15 அடி. புங்கன் உங்கள் உப்புக்கும் சுக்கானுக்கும் தாங்கும், மேற்கு வெயிலையும் மறைக்கும். சுண்ணாம்பு மண்ணில் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. உரக்கடைக்கு ஓடாமல் மூடாக்கையும் (மண்மேல் பரப்பும் சருகு) மட்கையும் கூட்டுங்கள். மூடாக்கு 4 அங்குலம், தண்டிலிருந்து 3 அங்குலம் விலகி.

கல்யாண முருங்கை வைக்கலாம், ஆனால் இலையும் காம்பும் முண்டு முண்டாக வீங்கினால் அது கொப்புளக் குளவி. அந்தக் கிளையை உடனே வெட்டி எரிக்க வேண்டும், விட்டால் மரம் பூக்காது. பராமரிக்க நேரமில்லை என்றால் அந்த இடத்தில் இன்னும் இரண்டு ஆடாதோடை.

ஆவாரைக்கு 2 அடி இடைவெளி, ஆடாதோடைக்கு ஒன்றரை. ஆட்டுத் தொல்லை இருந்தால் இந்த இரண்டும் விராலியும்தான் நிற்கும், மற்றதெல்லாம் மேய்ந்துவிடும். ஆடாதோடையும் நொச்சியும் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) போட்டாலே வரும். கட்டைவிரல் மொத்தம், 9 அங்குலம், நாலு கணு, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள், மேல்நுனி மேலேயே இருக்க வேண்டும். கிளுவை வேலி போடுவதானால் 4 அடிப் போத்தை வெட்டி நிழலில் சில நாள் போட்டு, வெட்டுவாய் உலர்ந்ததும் வைகாசியில் ஊன்றுங்கள். அன்றே நட்டு நீர் பாய்ச்சினால் அழுகும்.

உங்கள் ஆவாரை முளைக்காதது தோல் கெட்டியானதால். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு நிமிடம் பொறுத்து விதையைப் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். அடுப்பில் வைத்தே வேகவைத்துவிடாதீர்கள். காலையில் உப்பியதை மட்டும் விதையுங்கள், உப்பாததை மறுபடி அதே மாதிரி. ஆணிவேர் சீக்கிரம் இறங்கும், அதனால் நிற்கப்போகிற இடத்திலேயே குழிக்கு மூன்று விதை, அரை அங்குல ஆழம். கொன்றைக்கு வெந்நீர் போதாது. உப்புத்தாளில் ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தேய்த்து ஒருநாள் ஊறவையுங்கள். வேம்பு, நாவல் விதை நேர்மாறு: பழம் விழுந்த இரண்டு வாரத்துக்குள் போட வேண்டும், காயவைத்துப் பத்திரப்படுத்தினால் செத்துவிடும்.

பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவை ஊரே வந்து ஒடிக்கும், அதற்கென்று ரோட்டுப் பக்கம் நாலு செடி அதிகம் வையுங்கள். நுனிக் கிளை ஒடிந்தால் செடிக்கு நல்லதுதான், புதராக அடர்த்தியாகும்.

வரியன் எழுதியது:

வேப்பெண்ணெய் வேண்டாம். இயற்கையானது என்றாலும் புழு இலையைத் தின்னாமல் பட்டினி கிடந்து சாகும், அந்த மருந்தின் வேலையே அதுதான். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்கிற பாக்டீரியாத் தூள் இன்னும் மோசம், பட்டாம்பூச்சிப் புழுவைத்தான் குறிவைக்கும். எருக்கில் மஞ்சள் அசுவினி மொய்த்தால் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தால் போதும், மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். எருக்கை வெட்டும்போது கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், பால் கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

கடையில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்றில் புழு சுருண்டு சுருண்டு விழுந்தால், நர்சரியில் இமிடாக்ளோபிரிட் மாதிரி செடிக்குள் ஏறுகிற மருந்து கொடுத்திருப்பார்கள். அது மாதக்கணக்கில் இலையில் இருக்கும். அதனால்தான் விதையிலிருந்து வளர்க்கச் சொல்கிறேன். காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிக்காதீர்கள், சட்டப்படி குற்றம். எருக்கு, வேலிப்பருத்தி, ஆவாரை எல்லாம் ரோட்டோரத்திலேயே கிடைக்கும். வேம்பு, புங்கன், நாவல் கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்காலில் கேளுங்கள், 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியதிலிருந்து நாட்டு மரக் கன்றுகளை வளர்த்துக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு வேலை செய்து பாருங்கள். தேள்கொடுக்கு அல்லது கிலுகிலுப்பைச் செடி காய்ந்ததும் பிடுங்கி வேலியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். நீல வரியனும் காமன் க்ரோவும், முக்கியமாக ஆண்கள், காய்ந்த தண்டை உறிஞ்ச வந்துவிடும். அதிலுள்ள ஆல்கலாய்டு என்கிற காரச்சத்தைக் கொண்டுதான் பெண்ணைக் கவரும் மணத்தை உருவாக்குகின்றன. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேற்கு மலைகளிலிருந்து இவை கூட்டமாகக் கிழக்கே வரும், மழை ஓய்ந்தபின் திரும்பும். அந்தச் சமயத்தில் கட்டினால் கொத்துக் கொத்தாக உட்காரும்.

நெல்லிமரத்தான் எழுதியது:

ஆலமரம் ரத்து. கடைசியாக ஒன்று, வீட்டில் கேட்கிறார்கள்: கறிவேப்பிலையைப் புழுவே தின்றுவிட்டால் குழம்புக்கு என்ன செய்வது?

தும்பைப்பூ எழுதியது:

இரண்டு செடி வையுங்கள், ஒன்று சமையலறைப் பக்கம், ஒன்று வேலியோரம். சமையலறைச் செடியில் புழு தெரிந்தால் கையால் பிய்க்காதீர்கள், பிடித்திருக்கிற காலோடு கிழியும். அது உட்கார்ந்திருக்கிற இலையோடு கத்தரித்து வேலியோரச் செடியில் செருகிவிடுங்கள், தானே நடந்து போகும். எலுமிச்சைக்கோ வில்வத்துக்கோ மாற்ற வேண்டாம், கறிவேப்பிலையில் வளர்ந்தது மற்றதைத் தின்னாமல் காய்ந்துபோவது உண்டு. இரண்டடிக்குக் குறைந்த செடியில் இரண்டு புழுவுக்கு மேல் விடாதீர்கள். வேலியோரச் செடி மொட்டையானாலும் அடியில் கொஞ்சம் மட்கு போட்டு ஒரு பக்கெட் தண்ணீர் விட்டால் மூன்று வாரத்தில் கொழுந்து வந்துவிடும், அந்தக் கொழுந்தில்தான் அடுத்த முட்டை விழும்.